பூமி புரோக்கர் வேலைக்கு பேஸ்புக், இன்ஸ்டா போடத் தயக்கம்: எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கோபி_பூமி

வணக்கமுங்க. கோபி, நம்பியூர், பெருந்துறை சுத்துவட்டாரத்துல தோட்டம், காடு, சைட் (வீட்டு மனை) விக்கறதுக்கும் வாங்கறதுக்கும் பேசி விடற வேலை. இத்தனை நாளும் போன்லயும் நேர்லயுமே நடந்துச்சு. இப்ப கோயமுத்தூர், திருப்பூர்ல இருந்து கேக்கறவங்க முதல் வார்த்தையே "வீடியோ இருந்தா போடுங்க, உங்க பேஜ் பேரு என்ன"ன்னுதான். பேஸ்புக், இன்ஸ்டா ரெண்டுலயும் கணக்கு இருக்குது. ஒரு பூமியைக் கூடப் போட்டதில்லை.

"தைரியமாப் போடுங்க"ன்னு மட்டும் சொன்னா உதவாதுங்க. அதனால எதெதுக்குப் பயம்னு பிரிச்சே எழுதிடறேன்.

கேமரா முன்னால பேச்சு வர்றதில்லை, சொந்தக்காரங்க பார்த்துட்டு என்ன பேசுவாங்களோன்னு கூச்சம். வீடியோ போட்ட அன்னைக்கே வேற புரோக்கர் இடத்தைக் கண்டுபிடிச்சுத் தோட்டக்காரர்கிட்ட நேராப் போயிருவாங்கன்னு பயம். கீழ வந்து "வில்லங்க பூமி", "பிராடு"ன்னு எவனாச்சும் எழுதினா பேரு கெட்டுரும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இல்லாம விளம்பரம் போட்டா அபராதம்ங்கறாங்க, எதுக்கு வேணும் எதுக்கு வேண்டாம்னு தெளிவில்லை. கடைசியா, காசு கட்டி விளம்பரம் போட்டு ஒண்ணும் வராமப் போயிருமோன்னும் இருக்குது.

விவரம் தெரிஞ்சவங்க செய்முறையாச் சொல்லுங்க.

---

நொய்யல்_கரை

கோபி அண்ணா, இடம் தெரிஞ்சு போற விசயத்துல இருந்து ஆரம்பிக்கலாமுங்க. மத்த பயமெல்லாம் பழகப் பழகக் குறையும். இது மட்டும் முன்னேற்பாடு பண்ணாமக் குறையாது.

போனை எடுக்கறதுக்கு முன்னால தோட்டக்காரர்கிட்ட ஒரு பக்கத்துக்கு அனுமதிக் கடிதம் வாங்குங்க. அதுல சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, கேக்கற விலை, கமிஷன் எத்தனை சதவீதம், அது எப்பக் கைக்கு வரும் (அட்வான்ஸ் அன்னைக்கா, கிரயத்தன்னைக்கா), எத்தனை நாளைக்கு இந்த அனுமதி, விலையை வெளிய போடலாமா, வீடும் ஆளும் படத்துல வரலாமா, இத்தனையும் இருக்கோணும். நாள் கணக்கு 60 இல்லாட்டி 90 போதும், அதுக்கு மேல கேட்டா யாரும் போட மாட்டாங்க. பட்டாவுல மூணு பேர் இருந்தா மூணு பேரும் கையெழுத்து. அண்ணன் மட்டும் போட்டு, தம்பி வீடியோவை வாட்ஸ்அப்ல பார்த்துத் தெரிஞ்சுக்கறதுலதான் பாதிப் பிரச்சினை கிளம்புது.

அடுத்து, வாங்கறவரைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால தோட்டக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப்: "ஐயா, திருப்பூர்ல இருந்து இன்னாரை இன்னைக்குச் சாயந்திரம் 4 மணிக்குக் கூட்டிட்டு வர்றனுங்க." அவ்வளவுதான். தேதியும் நேரமும் தானாப் பதிஞ்சிருது. பின்னால "அவரு எனக்கு முன்னயே தெரிஞ்சவரு"ன்னு கமிஷனுக்கு மறுப்பு வந்தா, பேசறதுக்கு அது ஒண்ணுதான் ஆதாரம்.

இனி வீடியோவுல இடத்தைக் காட்டிக் குடுக்கறது எதுன்னு பாருங்க. டிரான்ஸ்பார்மர்ல எழுதியிருக்கற ஊர்ப் பேரு. மோட்டார் ரூம் சுவத்துல பெயிண்ட்ல போட்ட சர்வீஸ் நம்பர். கோயில் போர்டு, ஊராட்சி மைல்கல், பால் சொசைட்டி பலகை. பக்கத்து வீட்டு வண்டி நம்பர் பிளேட். பழகின புரோக்கருக்கு இதுல ஒண்ணு கிடைச்சாலே போதும். எடுத்து முடிச்சதும் ஒருக்கா சத்தமில்லாம, நிறுத்தி நிறுத்திப் பாருங்க. படத்துல ஊர்ப் பேரு கண்ணுல பட்டா அந்தத் துண்டையே வெட்டிருங்க.

இன்னொண்ணு பல பேரு கவனிக்கறதில்லை. போன் கேமராவுல லொகேஷன் ஆன்ல இருந்தா போட்டோவுக்குள்ளயே இடக்குறிப்பு உக்காந்துரும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா அது அழிஞ்சிரும். அதையே "டாக்குமெண்ட்"டா அனுப்பினா அப்படியே போகும், எதிர்ல இருக்கறவர் ரெண்டு தட்டுல மேப்பைத் திறந்திருவாரு. கேமரா செட்டிங்ல லொகேஷனை அணைச்சுட்டு எடுங்க.

தகவலைப் படிப்படியாக் குடுங்க. பொதுப் பதிவுல "நம்பியூர்ல இருந்து 6 கி.மீ., தார் ரோட்ல இருந்து 400 மீட்டர்". போன்ல பேசி, பேரும் என்ன தேவைன்னும் சொன்னவருக்குக் கிராமம். நேர்ல வந்தவருக்குச் சர்வே நம்பர். எந்தப் பதிவுலயும் பட்டா, பத்திரம், புல வரைபடத்தோட போட்டோ வேண்டாம். அதுல பேரு, கையெழுத்து, சில சமயம் ஆதார் எண் கூட இருக்கும். ஆள்மாறாட்டம் பண்றவனுக்கு அத்தனையும் கையில குடுத்த மாதிரி ஆயிரும்.

இத்தனையும் மறைச்சா என்னத்தைக் காட்டறதுன்னு கேப்பீங்க. நம்ம பக்கம் வாங்கறவர் கேக்கறது மூணு: தண்ணி, தடம், ஆவணம். இந்த மூணுலயும் உங்களுக்குத் தெரிஞ்சது ரீல்ஸ் போட்டுப் பூமி விக்கற பசங்களுக்குத் தெரியாது.

தண்ணின்னா "நல்ல தண்ணி வசதி"ன்னு போடாதீங்க. கிணறு எத்தனை அடி, போர் எத்தனை அடி, சித்திரை வைகாசில எத்தனை இன்ச் ஓடுது, தனிக் கிணறா பங்குக் கிணறா, பங்குன்னா எத்தனை நாளைக்கு ஒருக்கா முறை, இலவச கரண்ட் சர்வீஸ் எத்தனை எச்பி. கீழ்பவானிப் பாசனம்னா எந்த மதகு, நெல்லுக்குத் தண்ணி இந்த வருசமா அடுத்த வருசமா. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) பக்கம்னா நாலு மண்டலத்துல எது. தடம்னா டேப்பைப் பிடிச்சு அகலத்தைக் கேமராவுல காட்டுங்க. ஊராட்சி ரோடா, இட்டேரியா (ரெண்டு வேலிக்கு நடுவுல போற மண்தடம்), பத்திரத்துல எழுதின பொதுத் தடமா, பக்கத்துத் தோட்டக்காரர் வாய்வார்த்தையில விட்டதா. வாய்வார்த்தைத் தடத்தை "தட வசதி உண்டு"ன்னு போட்டா அட்வான்ஸ் குடுத்ததுக்கப்புறம்தான் சண்டை வரும், அதுல உங்க பேரும் சேர்ந்து போகும்.

இந்தத் தகவலையெல்லாம் எழுதி வெச்சுட்டுப் பேச ஆரம்பிச்சா கேமராப் பயமும் பாதியாக் குறையுமுங்க. என்ன பேசறதுன்னு தெரியாம நிக்கறப்பத்தான் நாக்கு ஒட்டிக்குது.

---

பட்டா_பத்திரம்

ரெரா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டிய இடமும் வேண்டாத இடமும் தெளிவாகவே இருக்கின்றன.

2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்பதும், 8-க்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்பதும் பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்கள். 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,382 சதுர அடி, நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட்டைக் கொஞ்சம் தாண்டும். பதிவாகாத திட்டத்தை விளம்பரம் செய்வதே தவறு. "விரைவில்", "முன்பதிவு ஆரம்பம்" என்று போடுவதும் அதில் அடங்கும்.

பதிவான திட்டத்தில் உள்ள மனையையோ வீட்டையோ நீங்கள் விற்றுக் கொடுக்க வேண்டுமானால் 9-ஆம் பிரிவுப்படி நீங்களும் முகவராகப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் 62-ஆம் பிரிவுப்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய், கூட்டுத்தொகை அந்தச் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். திட்டத்தின் விளம்பரத்தில் ஆணையத்தின் இணையதள முகவரியும் திட்டத்தின் பதிவு எண்ணும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பில்டர் அனுப்பும் போஸ்டரை அப்படியே பகிரும்போது இவை வெட்டுப்பட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சதுரப் படமாக வெட்டும்போது கீழ்ஓரத்து எழுத்துதான் முதலில் போகிறது.

சட்டத்தில் "விளம்பரம்" என்பதற்கான விளக்கம் எந்த ஊடகம், எந்த வடிவம் என்று பார்ப்பதில்லை. ரீல்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் செய்தித்தாள் விளம்பரத்துக்குச் சமம்தான்.

தனி ஒருவரின் 2 ஏக்கர் தோட்டத்தையோ, திட்டம் எதிலும் சேராத பழைய வீட்டையோ மறுவிற்பனைக்குப் போடுவது மேற்சொன்ன திட்டப் பதிவுக்குள் வராது. உங்கள் வேலையில் பெரும்பகுதி அதுவாக இருந்தால் அதிலேயே ஆரம்பியுங்கள்.

ஆனால் அதே தோட்டத்தை 5 சென்ட், 10 சென்ட் துண்டுகளாக்கி, நடுவில் மண்பாதை விட்டு, "பண்ணை நிலம்" என்று பெயர் வைத்து ஒருவர் விளம்பரத்துக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு அனுமதியில்லா மனைகளைப் பதிவு செய்யத் தடை போடுகிறது. 20.10.2016-க்கு முந்தைய அனுமதியில்லா மனைப்பிரிவுகளுக்காக 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அப்படி வரன்முறையானது என்று சொன்னால் ஆணையின் நகலைக் கையில் வாங்கிய பிறகே விளம்பரம் போடுங்கள். கோவைக்கு மேற்கே மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவைப்படும். "மலை வியூ" என்று தலைப்பு வைக்குமுன் அந்தக் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

துபாய், சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களைக் குறிவைத்துத் தோட்டத்தை விளம்பரம் செய்வது இப்போது அதிகமாகிவிட்டது. வெளிநாட்டில் குடியிருப்பவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. வாரிசுரிமையில் வருவது வேறு. வீடும் வீட்டு மனையும் அவர்கள் வாங்கலாம். ஆகவே வெளிநாட்டு விளம்பரம் என்றால் அனுமதி பெற்ற சைட், வீடு மட்டும்.

வாசகத்தில் நீக்க வேண்டியவை: "விலை இரட்டிப்பாகும்", "உத்தரவாதமான லாபம்", "ரிங் ரோடு இந்த வழியாகத்தான் வருகிறது". திட்ட அறிக்கை நிலையில் இருப்பதை வந்துவிட்டதாகச் சொல்வது தவறான தகவல். "பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்" என்பதற்குப் பதில் "கோபி பஸ் நிலையத்திலிருந்து 11 கி.மீ." என்று எழுதுங்கள். கி.மீ.யை யாரும் மறுக்க முடியாது.

---

பல்லடம்_கேமரா

கேமராக் கூச்சத்துக்கு வர்றேனுங்க. மூஞ்சியக் காட்டித்தான் ஆரம்பிக்கோணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

முதல் ரெண்டு வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும். நீங்க அவங்க நம்பரையும் அவங்க உங்க நம்பரையும் சேவ் பண்ணியிருந்தாத்தான் அது தெரியும், அதனால பார்க்கறது பழகினவங்கதான். நாலு போட்டோ, அஞ்சு வரி. அடுத்த ரெண்டு வாரம் வீடியோ, ஆனா குரல் மட்டும். மூணாவது கட்டத்துல உங்க கை தெரியட்டும்: எல்லைக் கல்லைத் தொட்டுக் காட்டறது, டேப் பிடிக்கறது. அதுக்கப்புறம் ஆரம்பத்துல 8, 10 செகண்டு மூஞ்சி. பேஸ்புக்ல "நான் மட்டும்"னு வெச்சுப் போட்டு, மறுநாள் காலைல பார்த்துட்டு, சரின்னு பட்டா பொதுவுக்கு மாத்திக்கலாம்.

சொந்தக்காரங்க பார்க்கறது சங்கடம்னா, வேலைக்குத் தனி சிம், தனி மெயில் வெச்சுப் புதுக் கணக்கு ஆரம்பிங்க. ஆரம்பிக்கறப்ப "காண்டாக்ட்ஸ் சேர்க்கட்டுமா"ன்னு கேக்கும், வேண்டாம்னு குடுங்க. உங்க கணக்கை மத்தவங்களுக்குப் பரிந்துரைக்கற அமைப்பையும் அணைச்சிருங்க. சொந்தக் கணக்குல பூமி விளம்பரம் போட்டா மாமன் மச்சான் லைக்தான் வரும், வாங்கறவர் வர மாட்டாரு.

எடுக்கற முறை: போனை நேரா நிறுத்தி, 1080, நொடிக்கு 30 பிரேம். லென்ஸை வேட்டித் துணியில நல்லாத் துடைச்சுக்குங்க, பாதி வீடியோ மங்கலா இருக்கறது விரல் எண்ணெயாலதான். நேரம் காலைல 7ல இருந்து 9, இல்லாட்டி சாயந்திரம் நாலரைக்கு மேல. உச்சி வெயில்ல செம்மண் வெளுத்துப் போய்க் கரட்டுக்காடு மாதிரித் தெரியும்.

அஞ்சு காட்சி போதும், ஒவ்வொண்ணும் 8ல இருந்து 10 செகண்டு. தார் ரோட்ல இருந்து திரும்பற இடம். தடமும் டேப்பும். எல்லைக் கல், பொழி (எல்லை வரப்பு). கிணறு அல்லது போர், மோட்டாரை ஓட விட்டு. கடைசியா நடுவுல நின்னு மெதுவா ஒரு சுத்து. நடந்துட்டே எடுக்காதீங்க, நின்னு எடுத்து ஒட்டுங்க. பேசறது மொத்தம் 80, 90 வார்த்தைக்குள்ள. எழுதிட்டு, நீங்க தோட்டத்துல நின்னு பேசற மாதிரியே வாசிங்க. "வணக்கம் நண்பர்களே, நமது சேனலுக்கு வரவேற்கிறோம்" எல்லாம் வேண்டாம். முதல் வார்த்தையே "ரெண்டு ஏக்கர் பத்து சென்ட், தனிக் கிணறு, இருபது அடித் தடம்"னு இருக்கட்டும்.

காத்துதான் நம்ம ஊருக்குப் பெரிய சிக்கல். ஆனில இருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் பேச்சையே அடிச்சுட்டுப் போயிரும். காலர் மைக்குக்கு முடி வெச்ச உறை மாட்டுங்க, காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. அதுக்கும் அடங்கலைன்னா காட்சியை மட்டும் எடுத்துட்டு, கார்ல கண்ணாடியை ஏத்தி உக்காந்து பேச்சைத் தனியாப் பதிஞ்சு ஒட்டுங்க.

சினிமாப் பாட்டு போடாதீங்க. வியாபாரப் பதிவுக்கு உரிமை இல்லாத பாட்டுன்னா சத்தம் போயிரும், இல்லாட்டி வீடியோவே போயிரும். மெட்டா (பேஸ்புக், இன்ஸ்டாவை நடத்தற கம்பெனி) தன்னோட இலவச இசைத் தொகுப்பு வெச்சிருக்குது. என்னைக் கேட்டா தண்ணி விழுகற சத்தமே போதும்.

டிரோன் ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னால டிஜிட்டல் ஸ்கை (டிரோன் எங்க ஏத்தலாம், எங்க கூடாதுன்னு காட்டற அரசுத் தளம்) வரைபடத்துல இடத்தைப் பாருங்க. பீளமேடு விமான நிலையம் ஒரு பக்கம், சூலூர் விமானப்படைத் தளம் ஒரு பக்கம். அதைச் சுத்தி அனுமதி இல்லாம ஏத்தவே கூடாது. 250 கிராமுக்கு உட்பட்ட சின்ன டிரோனுக்குப் பைலட் சான்று வேண்டாம்னு சொல்லுவாங்க, அது சரிதான். ஆனா தடை மண்டலம் அதுக்கும் உண்டு. கோபி பக்கம்னாலும் பார்த்துட்டே ஏத்துங்க.

---

கோபி_பூமி

ரொம்ப உதவியா இருக்குதுங்க. கமெண்ட் பத்தி யாராச்சும் சொல்லுங்க. அப்புறம் விலையைப் போடறதா வேண்டாமா? நம்ம பக்கம் எல்லாரும் "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"ன்னுதான் போடறாங்க.

---

காங்கயம்_அக்கா

தம்பி, கமெண்ட் எல்லாத்தையும் ஒரே மாதிரி எடுத்துக்கக் கூடாது. நாலு வகை இருக்குது, நாலுக்கும் வேற வேற கை வைத்தியம்.

வெறும் வசவுன்னா பதில் சொல்லாம மறைச்சிரு. பேஸ்புக் பேஜ்ல "ஹைட்" குடுத்தா எழுதினவனுக்கும் அவனோட நண்பர்களுக்கும் மட்டும் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது. அழிச்சா அவன் பார்த்துட்டுத் திரும்ப வருவான், மறைச்சா, மறைச்சதே அவனுக்குத் தெரியறதில்லை. இன்ஸ்டாவுல மறை சொற்கள் பட்டியல் இருக்குது. வசவு வார்த்தை, "பிராடு", "திருடன்" எல்லாம் தமிழ் எழுத்துலயும் இங்கிலீஷ் எழுத்துலயும், ரெண்டு மூணு எழுத்துக்கூட்டல்ல சேர்த்து வெச்சிரு. வீடியோ போடறதுக்கு முன்னாலயே இந்த வேலையை முடிச்சுரோணும்.

"இதே மாதிரி பூமி எங்ககிட்ட கம்மி விலைக்கு இருக்கு"ன்னு வர்றது வேற புரோக்கர். மறைச்சிரு, சண்டை வேண்டாம்.

"விலை ரொம்ப ஜாஸ்தி"ங்கறது வாங்கறவர் பேசற பேச்சு. அதுக்குக் கட்டாயம் பதில் போடு: "ஏக்கருக்குக் கேக்கற விலைங்க இது, நேர்ல வந்து தண்ணி, தடம் பார்த்துட்டுப் பேசலாமுங்க." மரியாதையா ஒரே வரி.

நாலாவதுதான் முக்கியம். "இதுல எங்க பங்கு இருக்குது", "கேஸ் நடக்குது"ன்னு ஒருத்தர் எழுதினா அதை மறைக்காதே, அழிக்காதே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு, "தகவலுக்கு நன்றிங்க, சரி பார்க்கறோம்"னு போட்டுட்டுப் பதிவை உடனே நிறுத்தி வை. தோட்டக்காரர்கிட்ட வாரிசுச் சான்று, தாய்ப் பத்திரம், பாகப்பத்திரம் கேளு. வில்லங்கச் சான்று சுத்தமா வந்தாலும் அது மட்டும் போதாது. பதிவான பத்திரம்தான் அதுல வரும். பதியாத பாகம், கோர்ட்டுல இருக்கற வழக்கு வராமலே இருக்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்துல பட்டாதாரர் பேரைப் போட்டு மாவட்ட நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கலாம். பேரோட எழுத்துக்கூட்டலை மாத்தி மாத்திப் போடு. அந்த ஆளு சொன்னது நெசம்னா அட்வான்ஸ் கை மாறறதுக்கு முன்னால உனக்குத் தெரிஞ்சது பெரிய லாபம். கமெண்டைப் பூட்டி வெச்சிருந்தா இது உனக்குத் தெரியவே தெரியாது.

விலை விசயத்துல என்னோட கருத்து, போட்டிரோணும். தோட்டக்காரர் சம்மதிக்கலைன்னா "ஏக்கர் 60ல இருந்து 65 லட்சத்துக்குள்ள" மாதிரி ஒரு எல்லையாச்சும் போடு. விலை இல்லாத பதிவுக்கு வர்ற நூறு கேள்வில முக்காவாசி "எவ்ளோ" மட்டும்தான் இருக்கும். அதுக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போயி, வேலைக்காகற ஆளோட போனை எடுக்காம விட்டுருவாங்க.

பொண்ணுங்க இந்த வேலையில நிறையப் பேரு இருக்கறாங்க, அவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். வீட்டு நம்பரைப் போடாதீங்க. வாட்ஸ்அப் பிசினஸ்ல தனி நம்பர், புரொபைல் படத்துக்கு ஆபீஸ் பேரு. வேலை நேரம் காலைல 9ல இருந்து சாயந்திரம் 7னு வெச்சு, அதுக்கு மேல தானாப் போற பதிலைப் போட்டுருங்க. முதல் தடவை பூமி காட்டப் போறப்ப தோட்டக்காரர் வீட்டு ஆளு கூட இருக்கோணும்.

---

மேட்டுப்பாளையம்_சைட்

விலை போடறதுல அக்கா சொல்றதோட எனக்கு முழுசா ஒத்துப் போகலைங்க. சைட், வீட்டுக்குப் போடலாம், தாராளமா. ஆனா தோட்டத்துக்கு விலையைப் போட்டா பக்கத்துத் தோட்டக்காரரும் அதையே பிடிச்சுக்குவாரு, அடுத்த மாசம் அவருகிட்டப் பேச முடியாது. நான் சொல்றது: தோட்டத்துக்கு மொத்த பட்ஜெட்டை மட்டும் போடுங்க, "ஒரு கோடிக்கு உள்ள பார்க்கறவங்களுக்கு"ன்னு. ஏக்கர் கணக்குப் போட முடியாது, வேண்டாதவங்களும் கழிஞ்சுருவாங்க.

---

காங்கயம்_அக்கா

அதுவும் சரிதானுங்க, பரப்பைப் பதிவுல சொல்லாம இருந்தா. பரப்பும் போட்டு மொத்தமும் போட்டா வகுத்துக்க மாட்டாங்களா? தோட்டம் வாங்கறவர் பரப்பைத்தான் முதல்ல பார்ப்பாரு, அதை மறைக்க முடியாது.

---

திருப்பூர்_விளம்பரம்

காசு விசயத்துக்கு வர்றேன். முதல் ஒரு மாசம் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீங்க. பேஜ்ல ஆறேழு நல்ல பதிவு இல்லாம விளம்பரம் போட்டா, தட்டிப் பார்க்கறவர் உள்ள வந்து வெறும் பேஜைப் பார்த்துட்டுத் திரும்பிருவாரு.

அந்த மாசத்துல செய்ய வேண்டியது இலவச வேலை. வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக் திறந்து ஒவ்வொரு பூமியையும் ஒரு பொருளாப் போடுங்க. கூகுள்ல பிசினஸ் புரொபைல், அதுக்கு ஆபீசையும் போர்டையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுவாங்க, முன்னமே போர்டு மாட்டி வைங்க. கிரயம் முடிஞ்ச ரெண்டு மூணு பேர்கிட்ட அங்க விமர்சனம் எழுதச் சொல்லுங்க. பிராட்காஸ்ட் பட்டியல்ல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஆனா உங்க நம்பரைச் சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். யாருகிட்டயோ காசு குடுத்து நம்பர் பட்டியல் வாங்கி அனுப்பாதீங்க. நாலு பேர் ரிப்போர்ட் அடிச்சா நம்பரே முடங்கும், சம்மதமில்லாம வாங்கின நம்பரை வெச்சிருக்கறது 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் ஆகாது.

அப்புறம் விளம்பரம். "பூஸ்ட்" பட்டனை அப்படியே அமுக்கினா லைக் போடறவங்களைத் தேடிக் குடுக்கும். நோக்கம்ங்கற இடத்துல வாட்ஸ்அப் மெசேஜைத் தேர்ந்தெடுங்க. இடம் குறிக்கறப்ப நிறையப் பேரு பூமி இருக்கற ஊரைச் சுத்தி வட்டம் போடறாங்க, அது வேண்டாம். நம்பியூர்த் தோட்டத்தை வாங்கறவர் திருப்பூர்லயோ கோயமுத்தூர்லயோ குடியிருப்பாரு. அங்க ஊசியைக் குத்தி 15, 20 கி.மீ. போடுங்க. நம்பியூரைச் சுத்திப் போட்டா உங்க காசுல உங்க ஊர்ப் புரோக்கர் எல்லாத்துக்கும் இடத்தைச் சொன்ன மாதிரி ஆகும். நீங்க எழுதின ரெண்டாவது பயத்துக்கு இதுவும் ஒரு மருந்துங்க.

தினம் 200 ரூபாய், 5 நாள். ஆயிரம் ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,180. மூணாவது நாள் வரைக்கும் எதையும் மாத்தாதீங்க, நடுவுல மாத்தினா அது மறுபடியும் முதல்ல இருந்து கத்துக்க ஆரம்பிக்கும். அஞ்சு நாள் முடிஞ்சதும் எத்தனை பேர் பார்த்தாங்கங்கறதை விட்டுட்டு, எத்தனை பேர் நேர்ல வர்றேன்னு நாள் சொன்னாங்கன்னு மட்டும் ஒரு நோட்டுல எழுதுங்க. மெசேஜ் வருது, ஆனா ஆள் வர்றதில்லைன்னா வீடியோவுல ஏதோ ஒண்ணு சொல்லாம விட்டிருக்குது, பெரும்பாலும் விலை. மெசேஜே வரலைன்னா முதல் மூணு செகண்டை மாத்துங்க.

விளம்பரக் கணக்கு திறந்த வாரத்துலயே "உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இங்கே அழுத்தவும்"னு மெசஞ்சர்ல மிரட்டல் வரும். பயந்து அமுக்குனா பேஜ் போயிரும். மெட்டா அப்படி மெசஞ்சர்ல வந்து கேக்கறதில்லை. ரெண்டு அடுக்குப் பாதுகாப்பை ஆன் பண்ணி, நம்பிக்கையான இன்னொருத்தரையும் பேஜுக்கு நிர்வாகியாப் போட்டு வைங்க. அதே மாதிரி "நான் ராணுவத்துல இருக்கேன், பார்க்காமலே அட்வான்ஸ் போடறேன், கியூஆர் ஸ்கேன் பண்ணுங்க"ன்னு ஒருத்தன் வருவான். காசு வாங்கறதுக்கு யூபிஐ பின் போட வேண்டிய வேலையே இல்லை. மாட்டிக்கிட்டா உடனே 1930க்குப் போன் பண்ணோணும்.

---

கோபி_பூமி

அனுமதிக் கடிதத்துல இருந்து ஆரம்பிக்கறேனுங்க. கைவசம் மூணு தோட்டம் இருக்குது, அதுல ஒண்ணு மட்டும் ஒரே பேர்ல பட்டா, அதையே முதல்ல எடுத்துக்கறேன். ஒரு கேள்வி: வித்துப் போன பூமியோட பதிவை அழிச்சுரலாமா, அப்படியே விட்டுரலாமா?

---

பட்டா_பத்திரம்

அழிக்க வேண்டாம், ஆனால் அப்படியே விடவும் கூடாது. விற்றுப்போனதை விற்பனைக்கு இருப்பதுபோலக் காட்டி ஆள் சேர்ப்பது நேர்மையற்ற விளம்பரம், திட்ட மனையாக இருந்தால் ரெராவின் 10-ஆம் பிரிவிலும் சிக்கல் வரும். அட்வான்ஸ் போட்ட அன்றே பதிவின் முதல் வரியில் "ஒப்பந்தம் ஆகிவிட்டது" என்று சேருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தை நிறுத்துங்கள். பத்திரம் பதிவானதும் "கிரயம் முடிந்தது" என்று மாற்றி, விலையை எடுத்துவிடுங்கள். வாங்கியவரின் பெயரும் படமும் அவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் மட்டும். வீடியோவில் அவருடைய வீடோ கிணறோ தெரிகிறது, எடுக்கச் சொல்கிறார் என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள், இப்போது அது அவருடைய பூமி.